இசக்கிமுத்துவின் பாதிக் கணக்கு

இசக்கிமுத்து அண்ணாச்சியிடம் எதைக் கேட்டாலும் பாதிதான் பதில் வரும். நூறு சாக்கு விற்றிருந்தால் ஐம்பது என்பார். காலையில் ஆறு இட்லி சாப்பிட்டிருந்தால் மூன்று என்பார். மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளத்துக்குப் படகில் போக எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டால்கூட அரை மணியைக் கால் மணியாக்கித்தான் சொல்லுவார். அதைப் பாதியாக்கி என்ன லாபம் என்று அவருக்கே தெரியாது. பழகிப்போன நாக்கு, தன்பாட்டுக்கு வகுத்துக்கொண்டே போகும்.

இதனால் அவரைப் பொய்யர் என்று நினைத்துவிடக் கூடாது. கொடுக்கல் வாங்கலில் காலணா பிசகமாட்டார். கண்ணேறுக்குப் பயந்த மனிதர், அவ்வளவுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், எழுபத்து மூன்றில், ஔசேப்பு சேட்டனின் சாயாக்கடையில் யாரோ கேட்டார்கள் என்று, “இன்னைக்கு என் கிட்டங்கியில மூவாயிரம் சாக்கு கிடக்கு” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அந்த வாரமே கடல் ஏறி, காயல் தண்ணீர் கிட்டங்கி இருந்த சந்துக்குள் புகுந்து, மூவாயிரத்தில் இரண்டாயிரம் சாக்கு ஊறி நாறிப்போயிற்று. அந்தச் சந்தில் அன்றைக்குத் தண்ணீர் புகாத வீடே கிடையாது. சரக்கைப் பற்றி வாயே திறக்காதவன் வீட்டிலும்தான் புகுந்தது. அதையெல்லாம் அண்ணாச்சி கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. முழுசாகச் சொன்னோம், முழுகிப்போச்சு என்று முடிவு கட்டிவிட்டார்.

அவருக்குப் பழைய சாக்கு வியாபாரம். மிளகும் சுக்கும் அடைத்துக் கிழிந்த சாக்குகளை வாங்கி, உதறி, ஒட்டுப்போட்டுத் தைத்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டுக் கட்டி, மறுபடியும் மிளகுக்காரர்களுக்கே விற்பார். தையல் வேலை அவர் மனைவி வீரலட்சுமியின் பொறுப்பு. அவளும், அவள் பழக்கிவிட்ட நான்கு பெண்களும் சரக்கறையான கிட்டங்கியின் முன்பக்கத்தில் கோணூசியும் சணலுமாக உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே மூன்று அறைகளில் கட்டுகளை அடுக்குவதும் இறக்குவதும் அண்ணாச்சியும் கைவண்டிக்காரன் சங்கிலிப்பாண்டியும். எத்தனை கட்டு உள்ளே இருக்கிறது என்பது அண்ணாச்சியின் மண்டைக்குள் மட்டும் இருந்தது. வீரலட்சுமி கேட்டாலும் பாதிதான். கட்டின மனைவியின் கண்ணும் கண்தானே என்று அவர் நினைத்தாரோ என்னவோ, அதை மட்டும் நாம் அவள் காதில் போட வேண்டாம்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஓணம் கழிந்த கையோடு ஒரு குஜராத்தி சேட்டு அவரைக் கூப்பிட்டனுப்பினார். துலாம் என்கிற ஐப்பசி பிறப்பதற்குள் பதினையாயிரம் சாக்கு வேண்டும், முடியுமா என்று கேட்டார். அண்ணாச்சி தலையாட்டிவிட்டு வந்தார். வெலிங்டன் தீவில் ஒரு சரக்குக் கிடங்கில் பத்தாயிரம் பழைய சாக்கு மொத்தமாக விலைக்கு வந்திருப்பது அவருக்குத் தெரியும். சாக்கு ஒன்றரை ரூபாய். பதினையாயிரம் ரூபாய் கொடுத்தால் அத்தனையும் தூக்கிவரலாம். இல்லையென்றால் அடுத்தவன் தூக்கிக்கொண்டு போவான், சேட்டின் வேலையும் அவனோடு போய்விடும்.

“நாலாயிரம் சாக்க வச்சிக்கிட்டு பதினஞ்சாயிரத்துக்குத் தலையாட்டிட்டு வந்திருக்கிய! உங்களுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?” என்றாள் வீரலட்சுமி.

“நடக்கும்ட்டி. பாங்கில கடன் கேட்டிருக்கேன்.”

வங்கிக்குப் போய்வந்தது என்னவோ உண்மைதான். அங்கே மேனேஜர் ஹைப்பாத்திக்கேஷன் என்றார், மார்ஜின் என்றார், ஸ்டாக் ஸ்டேட்மென்ட் என்றார், ஃபயர் பாலிசி கட்டாயம் என்றார். அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் “செரி சார், செரி சார்” என்றார். வெளியே வந்து படியில் உட்கார்ந்து யோசித்தபோது அவருக்குப் புரிந்திருந்தது ஃபயர் என்ற ஒரே வார்த்தைதான். அது நல்ல சகுனமாகப் படவில்லை.

பாலிசி எழுத வந்தவள் சீதாலக்ஷ்மி. பாலக்காட்டுக்காரி, செர்லாயில் குடியிருப்பவள், முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வேலைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. சாக்குக் கிட்டங்கிதான் அவளுடைய முதல் தீ பாலிசி. பயிற்சி வகுப்பில் சொன்ன வார்த்தைகள் எதுவும் அவளுக்கும் முதலில் விளங்கவில்லையாம். அதனால் ஒவ்வொன்றையும் வீட்டில் பேசுகிற பாஷையில் எழுதிவைத்துக்கொள்ள ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டிருந்தாள். அந்த நோட்டோடும் ஒரு கறுப்புக் குடையோடும் வந்து, சாக்குக் கட்டின்மேல் கூச்சப்படாமல் உட்கார்ந்தாள். வீரலட்சுமிக்கு அவளைப் பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று.

“மாமி, இவுக எல்லாத்துக்கும் செரி செரின்னுட்டு வந்துட்டாவ. நாங்க எதுலதான் மாட்டப்போறோம்னு நீங்களாவது சொல்லுங்க” என்றாள்.

“சொல்றேனே, அதுக்காக்கும் வந்திருக்கேன்” என்று சீதாலக்ஷ்மி நோட்டைப் பிரித்தாள். “முதல்லே இந்த ஹைப்பாத்திக்கேஷன். நகையை அடகு வெச்சா நகை பாங்குப் பெட்டிக்குள்ளே போயிடும். இது அப்படி இல்லை. சாக்கு உங்க கிட்டங்கியிலேயே இருக்கும். தைக்கலாம், விக்கலாம். ஆனா வித்த காசு பாங்குக் கணக்கு வழியா வரணும். கடன் தீர்ற வரைக்கும் இந்தச் சரக்கு மேலே பாங்குக்கு ஒரு கண்ணு இருக்கும், கேட்டேளா?”

“கண்ணா!” என்று அண்ணாச்சி அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“கண்ணு வேண்டாம், பிடின்னு வெச்சுக்கோங்கோ” என்று சீதாலக்ஷ்மி உடனே மாற்றிக்கொண்டாள். காரணம் தெரியாவிட்டாலும் எதிரில் இருப்பவரின் முகம் போகிற போக்கு அவளுக்குத் தெரிந்தது.

“அடுத்தது மார்ஜின். நூறு ரூபா சரக்கு இருந்தா பாங்கு எழுபத்தஞ்சுதான் தரும். பாக்கி இருபத்தஞ்சு உங்க கை. விலை இறங்கினாலும் பாங்குக்கு நஷ்டம் வரப்படாது பாருங்கோ, அதுக்கு.”

“அப்பம் பிரீமியம்?” என்று தைத்துக்கொண்டிருந்த மூக்கம்மாள் கேட்டாள். அவள் பக்கத்து வீட்டுக்காரி. கை ஊசியில் இருந்தாலும் காது இங்கேதான் இருந்தது.

“நூறு கிட்டங்கிக்காரா சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் காசு ஒரு குடத்திலே போடறா. எவனோட கிட்டங்கி எரியறதோ அவனுக்கு அந்தக் குடத்துலேருந்து எடுத்துக் கொடுக்கறது. ஆளுக்காள் போடற காசு பிரீமியம். குடத்தைக் காவல் காக்கறது கம்பெனி.”

“எரியலேன்னா?”

“எரியலேன்னா காசு திரும்பி வராது. வருஷம் பூரா பயமில்லாமெ இருந்தேளோ இல்லையோ, அதுக்குக் கூலி.”

அண்ணாச்சிக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. வயிற்றில் பயம் சுமந்தவருக்குத்தானே தெரியும் பயமில்லாமல் இருப்பதன் விலை! அடுத்த அரை மணி நேரம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். கடைசியில் சீதாலக்ஷ்மி பேனாவைத் திறந்தாள்.

“சரி அண்ணாச்சி. மொத்தம் எத்தனை சாக்கு இருக்கு?”

“நாலாயிரம்” என்றது நாக்கு.

சொன்னது நாக்குதான், அவர் இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. நாலாயிரம், சாக்குக்கு மூன்று ரூபாய், பன்னிரண்டாயிரம் என்று அவள் எழுதிக்கொண்டாள். எழுதிக்கொண்டே தன் நோட்டில் கடைசிப் பக்கத்தையும் படித்துக் காட்டினாள்.

“இதை எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிடறது என் வழக்கம். ஆவரேஜ்னு ஒண்ணு உண்டு. ஒருத்தர்கிட்டே இருபதாயிரத்துக்குச் சரக்கு இருக்கு. அவர் பத்தாயிரம்னு சொல்லி பாலிசி எடுக்கறார். அஞ்சாயிரத்துக்குச் சரக்கு எரிஞ்சு போறது. அவருக்கு எவ்வளவு கிடைக்கும்?”

“அஞ்சாயிரம். பத்தாயிரத்துக்கு உள்ளதானே இருக்கு” என்றாள் வீரலட்சுமி.

“ரெண்டாயிரத்து ஐந்நூறு! பாதிச் சரக்குக்குத்தானே அவர் காசு கட்டியிருக்கார்? அதனாலே எரிஞ்ச ஒவ்வொரு சாக்கிலேயும் பாதிதான் கம்பெனி பொறுப்பு, பாக்கிப் பாதி அவர் பொறுப்பு. ரெண்டு பேர் போற மழையிலே ஒத்தைக் குடை பிடிச்சா ரெண்டு பேரும்தானே நனைவா!”

“அப்படிக் குறைச்சுச் சொல்லுத கூமுட்டையும் உலகத்துல இருக்கானா மாமி?” என்று வீரலட்சுமி சிரித்தாள். நான்கு பெண்களும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தார்.

மறுநாளிலிருந்து ஔசேப்பு சேட்டனின் கடையில் அண்ணாச்சிதான் வாத்தியார். கைவண்டிக்காரர்களுக்கும் சுமட்டுக்காரர்களுக்கும் சாயாக் கிளாஸை வைத்து மார்ஜினைச் சொல்லிக்கொடுத்தார். “கிளாஸ் முழுசுக்குக் காசு கொடுத்தாலும் சேட்டன் முக்கால்தான் ஊத்துவாரு. மேல உள்ள கால் கிளாஸ் தளும்பாம இருக்க. அதான் மார்ஜின்.” சேட்டனுக்கு ரோஷம் வந்து அன்றைக்கு எல்லோருக்கும் விளிம்பு வரை ஊற்றினார். பிரீமியத்துக்கும் ஆவரேஜுக்கும்கூட அண்ணாச்சி உதாரணம் வைத்திருந்தார். அவர் சொன்னால் பாக்கு மெல்லுகிறவனுக்கும் புரிந்தது. ஊருக்கெல்லாம் புரியவைத்த மனிதர் கிட்டங்கிக்குத் திரும்பி, எட்டாயிரத்துச் சொச்சம் சாக்கையும் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

நாலாயிரத்துக்கு வங்கி தரும் கடன் ஒன்பதாயிரம். வேண்டியது பதினையாயிரம். உண்மையைச் சொன்னால் பதினெட்டாயிரம் கிடைக்கும். மூன்றும் அவருக்கு மனப்பாடம். மூன்று தடவை சீதாலக்ஷ்மியைத் தேடிச் செர்லாய் வரைக்கும் போனார். மூன்று தடவையும் தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார். கண் முன்னால் காயல் தண்ணீர் ஏறுகிறது, என்ன செய்ய!

அதற்குள் வங்கியிலிருந்து தகவல் வந்தது. சனிக்கிழமை காலையில் அதிகாரி வந்து சரக்கை எண்ணிப் பார்ப்பார் என்று. அண்ணாச்சிக்குக் கைகால் ஓடவில்லை. நாலாயிரம் என்று எழுதிக்கொடுத்திருக்கிறோம், வந்து பார்த்தால் இரண்டு மடங்கு கிடக்கும், பொய் சொன்னான் என்று பிடித்துக்கொள்வார்களே! யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றியிருக்காத வழி அது.

வெள்ளிக்கிழமை வீரலட்சுமி தங்கைக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று, சாயங்காலம் திரும்பிவிடுவதாகச் சொல்லி எறணாகுளத்துக்குப் படகேறினாள். அவள் தலை மறைந்ததும் அண்ணாச்சியும் சங்கிலிப்பாண்டியும் சாக்குக் கட்டுகளைக் கைவண்டியில் ஏற்றி, சந்திலுள்ள வீடுகளிலெல்லாம் கொண்டுபோய் இறக்கினார்கள். வீட்டுக்கு நாலு கட்டு, ஐந்து கட்டு. உதிரிச் சாக்கு ஔசேப்பு சேட்டனின் கடையில். “கிட்டங்கியில எலிமருந்து அடிக்கோம், ஒரு நாளைக்கு மட்டும் இருக்கட்டும்” என்று எல்லோரிடமும் சொன்னார். எண்பத்திரண்டு கட்டும் உதிரி முப்பத்தாறு சாக்கும் மத்தியானத்துக்குள் வெளியேறின. மிச்சம் எண்பது கட்டு. நாலாயிரம், சுத்தமாக.

“அண்ணாச்சி, எல்லாரும் பாங்குக்காரன் வாரான்னா சரக்க உள்ள கொண்டு வருவான். நீரு வெளிய கொண்டு போறீரே” என்றான் சங்கிலிப்பாண்டி.

“உனக்கு ஒண்ணும் தெரியாது. தள்ளு வண்டிய” என்றார் அண்ணாச்சி. குறைகிற ஆறாயிரத்துக்கு வட்டிக்காரனிடம் போய் நிற்பது என்று அவர் மனத்துக்குள் முடிவாகியிருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். பெயர் வெங்கடேஸ்வரன். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, சிரித்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்பது போன்ற முகம். கூடவே சீதாலக்ஷ்மி. அவர் ஒவ்வொரு கட்டாகத் தொட்டு எண்ணினார். எண்பது வந்தது. நாலாயிரம் என்று எழுதி, ஒன்பதாயிரம் கடன் தரலாம் என்று சொல்லிப் பேனாவை மூடினார்.

“ஒன்பதாயிரமா? எங்களுக்குப் பதினஞ்சாயிரம் வேணுமே சார்” என்றாள் வீரலட்சுமி. அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து வானம் பொத்துக்கொண்டது. கொச்சி மழைக்கு நாள் நட்சத்திரம் கிடையாது. ஓடுகளில் தடதடவென்று கொட்டத் தொடங்கிய ஐந்தாவது நிமிஷம் மூக்கம்மாள் தலையில் ஒரு கட்டோடு ஓடிவந்தாள்.

“அண்ணாச்சி, எலிமருந்து அடிச்சு முடிஞ்சா? எங்க கூரை ஒழுகுது. உங்க சாக்கு நனஞ்சிரும். புடிங்க!”

அவளுக்குப் பின்னால் சங்கிலிப்பாண்டியின் மனைவி. அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் சந்தே வந்துகொண்டிருந்தது. அண்ணாச்சியின் சாக்கு நனையக் கூடாது என்று ஆளாளுக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு, நனைந்து, சிரித்து, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். நல்ல மனிதர்களின் அன்புக்கு ஒரு குறை உண்டு, அதற்கு நேரம் காலம் பார்க்கத் தெரியாது.

வெங்கடேஸ்வரனின் முகம் இறுகிற்று. “ஓஹோ” என்றார். “பதினாலு வருஷமா இதே வேலை பார்க்கறேன். பக்கத்து வீட்டுச் சரக்கைக் கடன் வாங்கி அடுக்கிக் காட்டறவாளை எத்தனையோ பேரைப் பார்த்தாச்சு. உம்ம ஆட்கள் வர்றதுக்கு லேட்டாயிடுத்து, அவ்வளவுதானே? இது இரவல்னா, நான் எண்ணின எண்பதும் இரவல் இல்லேன்னு என்ன நிச்சயம்? கடனும் இல்லை, ஒண்ணும் இல்லை. நான் கிளம்பறேன்.”

“சார், அது எல்லாம் என் சாக்குதான்” என்றார் அண்ணாச்சி.

“உம்முடையதுன்னா ஏன் ஊரான் வீட்டிலே இருக்கு?”

வீரலட்சுமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீதாலக்ஷ்மி மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். அவளுடைய முதல் பாலிசியும் அந்த வாசலில்தான் நின்றுகொண்டிருந்தது.

“அண்ணாச்சி, உள்ளதைச் சொல்லிடுங்கோ. நான் எழுதிண்டது தப்பா?”

“தப்பு இல்லம்மா. பாதி.”

வெங்கடேஸ்வரன் வாசல்படியில் நின்றார். குடையை விரித்தவர் மறுபடி மடக்கினார். கடுமையான மனிதர்தான், ஆனால் அநியாயக்காரர் இல்லை. “சரி. தன் சரக்கு எத்தனைன்னு தெரியாத வியாபாரி இல்லை. நான் எண்ணறதுக்கு முன்னாடி சொல்லும், மொத்தம் எத்தனை சாக்கு? நீர் சொன்னதும் நான் எண்ணறதும் ஒத்துப்போனா உம்முடையது. ஒண்ணு குறைஞ்சாலும் நான் படகைப் பிடிச்சுண்டு போயிண்டே இருப்பேன்” என்றார்.

மழை ஓய்கிற மாதிரி இல்லை. கிட்டங்கியின் முன்பக்கத்தில் முப்பது பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். மழைக்கு ஒதுங்கிய ஔசேப்பு சேட்டன், அவர் கடை வாடிக்கைக்காரர்கள், பெண்கள், பிள்ளைகள். எண்ணிப் பார்த்தால் அறுபது எழுபது கண். அத்தனையும் அண்ணாச்சியின் வாயைப் பார்த்தன. ஒன்பது வருஷமாக எந்தக் கண்ணுக்குப் பயந்து ஓடினாரோ, அது கூட்டம் கூட்டிக்கொண்டு வந்து எதிரில் நின்றது. நாக்கு தன் வழக்கப்படி நாலாயிரத்தை எடுத்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தது.

அவர் வீரலட்சுமியைப் பார்த்தார். அவள் விரல் நுனிகள் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போயிருந்தன. அந்த விரல்களுக்குச் சொந்தமான சாக்கை இரவல் சாக்கு என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போவதா? பயத்தைவிடக் கோபம் ஒரு படி மேலே ஏறிற்று. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“எட்டாயிரத்து நூத்தி முப்பத்தாறு!”

சந்துமுனை வரைக்கும் கேட்டிருக்கும். கண்ணைத் திறந்து பார்த்தார். கூரை இருந்தது. தரையில் தண்ணீர் ஏறவில்லை. வீரலட்சுமியின் கையிலிருந்த ஊசி மட்டும் கீழே விழுந்து கிடந்தது.

பிறகு தொடங்கியது எண்ணிக்கை. அதை எண்ணிக்கை என்று சொல்வதைவிடத் திருவிழா என்று சொல்லிவிடலாம். மீதிக் கட்டுகளையெல்லாம் ஒழுகாத வீடுகளிலிருந்தும் தேடிக் கொண்டுவந்தார்கள். வெங்கடேஸ்வரன் தொடத் தொட, பெண்கள் தமிழில் எண்ணினார்கள், சாயாக்கடைக்காரர்கள் மலையாளத்தில் எண்ணினார்கள். நூறு தாண்டியதும் பிள்ளைகள் கை தட்டினார்கள். நூற்றைம்பதில் வெங்கடேஸ்வரனே உரக்க எண்ணத் தொடங்கிவிட்டார், அது அவருக்கே தெரியவில்லை. நூற்றறுபத்திரண்டு கட்டு. எட்டாயிரத்து நூறு. இனி உதிரி.

முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு, முப்பத்தைந்து. அதற்குமேல் இல்லை.

அண்ணாச்சி இன்னொரு தடவை எண்ணினார். முப்பத்தைந்துதான். முழுசாகச் சொன்னேன், போச்சு என்று நினைத்துக்கொண்டார்.

“ஏ மூக்கம்மா, உன் வீட்டுல இருக்கா பாரு!” “எங்க வீட்டுல இல்லண்ணாச்சி!” என்று ஆளாளுக்குக் கத்த, சீதாலக்ஷ்மி மட்டும் ஔசேப்பு சேட்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டிக் காட்டினாள். கடையிலிருந்து ஓடிவந்தபோது மழைக்குத் தலையில் போட்ட சாக்குக் கொங்காணியோடு சேட்டன் நின்று, அவ்வளவு நேரமும் எல்லோரையும்விடப் பலமாக எண்ணிக்கொண்டிருந்தார்.

“அய்யோ! இது ஞான் மழைக்குத் தலையில இட்டதாணு!” என்று சேட்டன் அதைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினார். ஈரம் சொட்டிற்று. வெங்கடேஸ்வரன் அதைப் புரட்டி, ஒட்டுப்போட்ட தையலைப் பார்த்து, மற்ற சாக்கின் தையலோடு ஒப்பிட்டு, “முப்பத்தாறு” என்றார்.

கூச்சல் ஓய வெகுநேரம் பிடித்தது. சங்கிலிப்பாண்டி அண்ணாச்சியைத் தூக்கியே விட்டான். வெங்கடேஸ்வரன் பழைய தாளைக் கிழித்துப்போட்டுப் புதிய தாள் எடுத்தார். இரவல் வாங்கிக் காட்டுகிறவர்களைப் பிடித்துப் பழகியவருக்கு, இருப்பதை ஒளித்துவைத்துக் கடனைக் குறைத்துக்கொள்ளப் பார்த்த ஒரு மனிதரை என்ன செய்வது என்று தெரியவில்லை, சட்டத்திலும் இல்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்.

வீரலட்சுமி கீழே விழுந்த ஊசியை எடுத்துக்கொண்டு ஒரு கட்டின்மேல் உட்கார்ந்தாள். அவள் என்ன சொல்வாளோ என்பதுதான் அண்ணாச்சிக்கு இப்போது பயம்.

“எட்டாயிரமா?” என்றாள் கடைசியில். “நாலாயிரம்தான் கிடக்கு, எப்பம் வேணாலும் கட மூடிருவோம்னு நான் வருஷக்கணக்கா வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கேன். காய்ச்சல் நேரத்துலயும் உக்காந்து தச்சிருக்கேன். எங்கிட்ட கூடயா?”

அவருக்குத் தப்பு என்று தெரிந்தது. அதைச் சொல்லத் தெரியவில்லை. நல்லவேளையாக வெங்கடேஸ்வரன் தாளிலிருந்து நிமிர்ந்து அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“சாக்கு மூணு ரூபான்னு போட்டிருக்கேளே. பழைய சாக்கை ஒண்ணரைக்குத்தானே வாங்கறேள்? நடுவிலே இன்னொரு ஒண்ணரை எங்கேருந்து வந்தது?”

“அது இவ ஊசியில இருந்து வந்தது சார்” என்றார் அண்ணாச்சி. இதைச் சொல்ல அவருக்கு யோசனையே தேவைப்படவில்லை. “நான் வாங்கிட்டு வாரது வெறும் கந்தல். ஒண்ணர ரூவா. இவ தச்சாதான் மூணு. வெளிய யாரு கேட்டாலும், ஏதோ ஒத்தாசைக்குத் தைப்பான்னு சொல்லிருவேன். அதுவும் கொறச்சுச் சொன்னதுதான். இந்தக் கிட்டங்கியில சரிபாதி இவ கைவேல. முதலாளின்னு என் பேர மட்டும் எழுதாதிய. ரெண்டு பேரு பேரும் எழுதுங்க.”

வீரலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று பார்க்க எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இரண்டும் இருந்தது.

“ரெண்டு பேர்னா வேற ஃபாரம்” என்று வெங்கடேஸ்வரன் பையைத் துழாவினார். “பங்குதாரர்னு போட்டு, அதுக்கு ஒரு ஒப்பந்தமும் எழுதணும். திங்கட்கிழமை பாங்குக்கு வாங்கோ, எழுதிடலாம். பதினையாயிரம் சாங்ஷன் ஆயிடும்.”

“பங்குதாரர்னா என்ன மாமி?” என்று கேட்டாள் வீரலட்சுமி. “புரியாத காயிதத்துல நான் பேரு போடமாட்டேன்.”

சீதாலக்ஷ்மி தன் நோட்டைத் தேடி எடுத்தாள். நல்லவேளை, அந்த வார்த்தையும் அதில் இருந்தது.

“லாபம் வந்தா ரெண்டு பேருக்கும் பங்கு. நஷ்டம் வந்தாலும் ரெண்டு பேரும் சேர்ந்து தாங்கணும். ஒருத்தர் கையெழுத்துப் போட்டா அது இன்னொருத்தரையும் கட்டுப்படுத்தும்.”

“இதுக்கு எதுக்கு ஒரு ஃபாரம்? கல்யாணம் ஆன அன்னையில இருந்து இந்த வேலதானே பாக்கேன்” என்றாள் வீரலட்சுமி.

“இன்னும் ஒண்ணு இருக்கு” என்று சீதாலக்ஷ்மி விரலை வைத்து வாசித்தாள். “ஒரு பங்குதாரர் இன்னொரு பங்குதாரர்கிட்டே கணக்கை மறைக்கப்படாது. கேட்டபோது முழுக் கணக்கும் சொல்லணும்.”

வீரலட்சுமி எழுந்து வந்து அண்ணாச்சியின் பக்கத்தில் நின்றாள்.

“அந்தக் கடைசி வரிய மட்டும் இன்னொரு மட்டம் வாசிங்க மாமி” என்றாள். “நல்லா சத்தமா.”